நாவும் ஏடும்: கதை சொல்லிப் பிழைத்தவர் வரலாறு

எழுதிப் பிழைக்க முடியுமா? கதை சொல்லிக் குடும்பம் நடத்த இயலுமா? மும்பையின் பாண்டுப் பகுதியில் வாழும் தமிழ்க் குடும்பங்களில் இவ்வினா இன்றும் எழுவதுண்டு. ஆலைகளையும் தொழிற்கூடங்களையும் நம்பி வந்து, புகைவண்டிப் பாதையின் இருபுறமும் மலைச்சரிவிலும் குடியமர்ந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இப்போது கல்லூரிகளிற் பயில்கின்றனர். அவர்களுள் ஒருவன், கதை எழுதுவதே என் தொழில் என்று வீட்டில் வாய் திறந்தால், தந்தை முதலிற் கேட்பது மாதச் சம்பளத்தைப் பற்றித்தான். அப்படிக் கேட்பதிற் குற்றமில்லை. ஊரையும் உறவையும் விட்டுப் பிழைப்பைத் தேடி வந்தவர்கள் பிழைப்பைப் பற்றிக் கேட்காமல் வேறு எதைக் கேட்பார்கள்? ஆனால் அக்கேள்வியின் பின்னால், கதை என்பது ஓய்வு நேரத்து வேலை, அது என்றுமே ஒரு தொழிலாக இருந்ததில்லை என்றோர் எண்ணம் நிற்கிறதே, அது வரலாற்றுக்கு ஒத்ததன்று. தமிழ்நாட்டில் அச்சுப்பொறி பரவுவதற்கு நெடுங்காலம் முன்பே கதை சொல்வது ஒரு தொழிலாக இருந்தது. அதற்குப் பயிற்சி இருந்தது, அச்சாரம் இருந்தது, கூலியும் இருந்தது. அந்தத் தொழிலின் வரலாற்றில் ஒரு பகுதி, நாம் இன்று வாழும் மராட்டிய மண்ணிலிருந்தே சென்றது என்பதையும் நம்மிற் பலர் எண்ணிப் பார்த்ததில்லை.

முதலில் திருநெல்வேலிச் சீமையைப் பார்ப்போம். தாராவியிலும் பாண்டுப்பிலும் வாழும் தமிழருட் பெருந்தொகையினர்க்கு அதுவே பூர்வீகம். அங்கும் நாஞ்சில் நாட்டிலும் அம்மன் கோயிலிலோ சுடலைமாடன் கோயிலிலோ கொடை நடக்குமானால் வில்லுப்பாட்டு இல்லாமல் நடப்பது அரிது. ஊரார் வீட்டுக்கு வீடு வரி போட்டுப் பணம் திரட்டுவர். அதிலிருந்து மேளத்துக்கு இவ்வளவு, பந்தலுக்கு இவ்வளவு, வில்லுக்கு இவ்வளவு என்று ஒதுக்குவர். வில்லுக்காரரைத் தேடிச் சென்று அச்சாரம் கொடுத்து நாள் குறித்து வருவர். ஆகவே அவருக்கு ஊதியம் அளித்தவன் ஓர் அரசனும் அல்லன், ஒரு பிரபுவும் அல்லன், ஊரே அளித்தது. ஏழை வீட்டு வரியும் அதில் ஒரு பங்கு. இச்செய்தி சிறியதாகத் தோன்றலாம். கலைக்கு மன்னர் ஆதரவு, ஜமீன் ஆதரவு என்றே பேசிப் பழகிய நமக்கு இது நினைவில் இருக்கவேண்டியதாகும்.

அந்த ஊதியத்துக்காக அவர் செய்த வேலை எத்தகையது? வில்லின் நாணில் மணிகள் கட்டியிருக்கும். தலைமைப் பாடகர் வீசுகோலால் நாணைத் தட்டிக் கதையைத் தொடங்குவார். குடம், உடுக்கை, தாளம், கட்டை ஆகியவை உடன் ஒலிக்கும். குழு வலத்தே பாடுவோர், இடத்தே பாடுவோர் என இரு பிரிவாக அமர்ந்திருக்கும். கடவுள் காப்பு, வருபொருள் உரைத்தல், குருவை வணங்குதல், அவையடக்கம் என்று ஒரு முறை உண்டு. அம்முறை முடிந்த பிறகே கதைக்குள் நுழைவர். இறுதியில் வாழி பாடி முடிப்பர். இவ்வளவையும் பயின்றால் வில்லுக்காரர் ஆகிவிடலாம் என்று கருதவேண்டாம். கொடை இரவில் கதை தனியே நடப்பதில்லை. பூசை ஒருபுறம் நடக்கும். மேளம் ஒருபுறம் முழங்கும். தெய்வத்தின் பிறப்பையோ இறப்பையோ பாடும் கட்டம் வரும்போது சாமியாடுவோர் மேல் அருள் வரவேண்டும். கதை விரைந்து ஓடினாலும் கெடுதி, பின்தங்கினாலும் கெடுதி. பூசாரியின் முகத்தையும் கூட்டத்தின் நாடியையும் பார்த்துக்கொண்டே, ஒரு வருணனையை நீட்டியும் ஓர் உரையாடலைச் சுருக்கியும், இரவு முழுதும் கதையைக் கையிற் பிடித்து நடத்துபவரே தேர்ந்த வில்லுக்காரர். ஒரு முறை தவறினால் அடுத்த ஆண்டு அச்சாரம் வேறொருவர் வீட்டுக்குப் போகும். பத்திரிகை ஆசிரியரின் கடுமை இதற்கு முன் எம்மாத்திரம்!

பாடிய கதைகளும் எளியவை அல்ல. முத்துப்பட்டன் கதையை எடுத்துக்கொள்வோம். அந்தணனாய்ப் பிறந்த ஒருவன் செருப்புத் தைக்கும் குலத்துப் பெண்கள் இருவரை மணந்து, அவர்கள் தந்தையின் தொழிலையும் ஏற்று, மாடுகளைக் கவர வந்தவர்களோடு போரிட்டு மாண்ட வரலாறு அது. பாபநாசத்து மலைமேல் சொரிமுத்தையனார் கோயிலில் அவனுக்கும் அவன் மனைவியர்க்கும் இன்றும் வழிபாடு உண்டு. இக்கதையைப் பேராசிரியர் நா. வானமாமலை பதிப்பிக்க, மதுரைப் பல்கலைக்கழகம் வெளியிட்டது. அதற்கு முன்னரோ, இவை போன்ற கதைகள் வில்லுக்காரர்களின் ஓலைச் சுவடிகளிலும் கையெழுத்துப் பிரதிகளிலும், அவற்றினும் மிகுதியாக அவர்தம் நாவிலும் வாழ்ந்தன. சுவடி வைத்திருப்பவர் அதை எளிதிற் கைமாற்ற மாட்டார். அதுவே அவர் முதலீடு.

தென்பாண்டி நாட்டை விட்டுக் காவிரிக் கரைக்கு வந்தால் கதை சொல்லும் தொழில் வேறு கோலத்திற் காணப்படுகிறது. தஞ்சை 1676 முதல் 1855 வரை மராட்டிய அரசரின் ஆட்சியில் இருந்தது. மராட்டியத் துறவியரும் கீர்த்தனகாரர்களும் அங்கு வந்து சென்றனர். ஆட்சி மறைந்த பின்னும் அவ்வரவு நிற்கவில்லை. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மோர்காங்கர் என்ற பெயருடைய இராமச்சந்திர பாவா தஞ்சையில் தங்கிக் கீர்த்தனம் நிகழ்த்தினார். கையில் சிப்ளாக்கட்டை, நின்றவாறே பேச்சு, பேச்சினிடையே பாட்டு, பாட்டுக்கேற்ற அபிநயம், சாகி, திண்டி, ஓவி, அபங்கம் என விதவிதமான மெட்டுக்கள். தமிழ்நாட்டார்க்கு இது புதுமையாக இருந்தது. அதுவரை புராணப் பிரசங்கம் என்றால் சுவடியை முன்வைத்து அமர்ந்து படித்துப் பொருள் கூறுதலே பெரும்பாலும் வழக்கம்.

அக்கீர்த்தனங்களைக் கேட்டவர்களுள் ஒருவர் கிருஷ்ண பாகவதர் என்னும் தஞ்சை இளைஞர். மராட்டிய முறையை அவர் அப்படியே படியெடுக்கவில்லை. அம்மெட்டுக்களை எடுத்துக்கொண்டார், தமிழ்ப் பாடல்களையும் தெலுங்குக் கீர்த்தனைகளையும் வடமொழிச் சுலோகங்களையும் அவற்றோடு தொடுத்தார், பின்பாட்டு, மிருதங்கம், ஜாலரா எனக் கச்சேரிக்குரிய துணைகளை அமைத்தார். நாராயணசாமி அப்பா போன்ற பெரிய மிருதங்க வித்துவான் அவருக்கு வாசித்தார் என்றால் அவ்வரங்கின் தரம் விளங்கும். இவ்வாறு உருவானதே இன்று நாம் கதாகாலட்சேபம், ஹரிகதை என்று வழங்கும் கலை. 1903-இல் கிருஷ்ண பாகவதர் மறைந்தபோது அது தென்னாடெங்கும் ஒரு தொழிலாக வேரூன்றியிருந்தது. திருமண வீடுகளும் இராமநவமி விழாக்களும், பின்னர் சபாக்களும், பாகவதர்களைச் சன்மானம் பேசி அழைத்தன.

அத்தொழிலின் வாயில் எல்லார்க்கும் திறந்திருக்கவில்லை. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சி. சரஸ்வதிபாய் கதை நடத்த முன்வந்தபோது, பெண் ஒருத்தி மேடையில் நின்று கதை சொல்வதா என்று எதிர்ப்பு எழுந்தது. சமய ஆசாரத்தைக் காட்டி எதிர்த்தோர் சிலர். தம் வருவாய் குறையுமே என்று எதிர்த்தோரும் இருந்திருப்பர் என்பது நம் கருத்து. அவர் அஞ்சவில்லை. நெடுங்காலம் புகழோடு அக்கலையை நடத்தினார். 

மாதுங்காவில் வாழ்ந்த தமிழர் இக்கலையைத் தம்மோடு மும்பைக்குக் கொண்டுவந்தனர். பஜனை சமாஜங்களிலும் சபாக்களிலும் தமிழ்க் கதைகள் நடந்தன. 1952-இல் தோன்றிய ஷண்முகானந்த சபை 1963-இல் தன் பெரிய அரங்கைத் திறந்தது. 1990-இல் அரங்கு தீக்கிரையாகி, 1998-இல் மீண்டும் திறக்கப்பெற்றது. மராட்டியத்திலிருந்து தஞ்சைக்குச் சென்ற ஒரு கலை, தமிழாகி மராட்டியத் தலைநகர்க்கே திரும்பி வந்தது வியப்பன்றோ! கணபதி விழாக் காலத்தில் நம் தெருக்கோடியிலுள்ள கோயிலில் மராட்டியக் கீர்த்தனகாரர் பாடும் திண்டியை நம் பாட்டிமார் நின்று கேட்பதுண்டு. மொழி புரியாவிட்டாலும் மெட்டுப் புரிகிறது என்பார்கள். அவர்கள் கூறுவதில் ஒரு நூற்றாண்டு வரலாறு அடங்கியிருக்கிறது.

கதை நடத்துவோர் ஒருபுறம் இருக்க, கதை இயற்றியவரின் நிலை என்ன? கோபாலகிருஷ்ண பாரதியாரைக் காண்போம். அவர் இயற்றிய நந்தனார் சரித்திரம் கதாகாலட்சேபத்துக்கென்றே எழுந்தது. பண்ணையாரின் அடிமையாகிய நந்தன் தில்லைக்குப் போகத் துடிக்கும் துடிப்பைக் கேட்டு மக்கள் உருகினர். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை, நூலில் இலக்கணப் பிழைகள் உண்டென்று முதலில் சிறப்புப் பாயிரம் தர மறுத்ததும், பின்பு ஆசிரியரே பாடக் கேட்டு மனம் நெகிழ்ந்து தந்ததும் டாக்டர் உ. வே. சாமிநாதையர் வாயிலாக நாம் அறிந்தவை. அந்நூல் 1860-களின் தொடக்கத்தில், காரைக்காலில் இருந்த பிரெஞ்சு அதிகாரி ஒருவரின் ஆதரவால் அச்சேறியது. அதன்பின் அக்கதையைப் பாடிப் பொருளீட்டிய பாகவதர்கள் எத்தனையோ பேர். இயற்றியவரோ மணம் புரியாமல், அன்பர்களின் ஆதரவில், எளிய வாழ்வே வாழ்ந்து முடித்தார். அவர் பொருளை விரும்பியவரும் அல்லர். எனினும் ஒன்றை இங்குக் குறிக்கவேண்டும்: பாடியவர்க்குப் பாடிய அன்றே சன்மானம் கிடைத்தது, எழுதியவர்க்கு, பிறர் பாடுந்தோறும் ஏதும் கிடைக்கும் ஏற்பாடு அந்நாளில் இல்லை.

அச்சும் பத்திரிகையும் பெருகியபோது நிலைமை தலைகீழாக மாறும் என்று எழுத்தாளர் நம்பினர். ஓரளவு மாறியது. கல்கி கிருஷ்ணமூர்த்தி ஆனந்த விகடனில் ஊதியம் பெறும் ஆசிரியராக இருந்தார். பின்னர் 1941-இல் நண்பர் சதாசிவத்தோடு சேர்ந்து தம் பெயரிலேயே பத்திரிகை கண்டார். பொன்னியின் செல்வன் 1950 முதல் 1954 வரை வாரந்தோறும் அதில் வெளிவந்தது. ஒரு வாரக் கதையைப் படித்து மறு வாரத்துக்குக் காத்திருந்த வாசகர் கூட்டம் அவருக்கு இருந்தது. அக்கூட்டத்தைச் சேர்த்து வைக்கும் பத்திரிகையும் அவர் கையில் இருந்தது. இவ்விரண்டும் ஒருங்கே வாய்த்தவர் மிகச் சிலர்.

வாய்க்காதவர் நிலைக்குப் புதுமைப்பித்தனே சான்று. திருநெல்வேலிக்காரரான அவர், வில்லும் உடுக்கையும் ஒலிக்கும் சீமையிலிருந்து பேனாவை மட்டும் நம்பிச் சென்னைக்குச் சென்றவர். 1934 முதல் மணிக்கொடியில் அவர் எழுதிய கதைகள் தமிழ்ச் சிறுகதையின் தலைவிதியை மாற்றின. அவர் விதியை மாற்றவில்லை. தினமணியில் வேலை பார்த்தார், அதை விட்டார், சினிமாவுக்கு உரையாடல் எழுதினார், சொந்தமாகப் படம் எடுக்கவும் முயன்றார். ஊரிலிருந்த மனைவிக்கு அவர் எழுதிய கடிதங்கள் பிற்காலத்தில் நூலாயின. அவற்றைப் படிப்போர் பணமுடை என்றால் என்ன என்பதை அறிவர். வெளியூரிலிருந்து மாதந்தோறும் வீட்டுக்குப் பணம் அனுப்பிப் பழகிய நம் போன்றோர்க்கு அக்கடிதங்களுக்கு உரையே வேண்டியதில்லை. ராஜமுக்தி என்னும் படத்துக்கு எழுதுவதற்காக அவர் வந்து தங்கியது நம் மராட்டிய நாட்டுப் பூனாவில். அங்கே காசநோய் முற்றியது. ஊர் திரும்பியவர் 1948 ஜூன் 30 அன்று திருவனந்தபுரத்தில் மறைந்தார். அப்போது அவர்க்கு வயது 42. அவர் நூல்கள் 2002-இல் நாட்டுடைமையாயின.

வாசகர் கூட்டம் அவர்க்கு இல்லாமலில்லை. ஆனால் அது சிதறிக் கிடந்தது. கொடைக்கு வரி போடும் ஊர்போல ஒன்றுசேர்ந்து அவர் கையில் அச்சாரம் கொடுக்க அதற்கு வழியில்லை. வில்லுக்காரர்க்கு ஊர் இருந்தது. பாகவதர்க்குச் சபை இருந்தது. தனி எழுத்தாளர்க்கு எது இருந்தது?

அவ்விடத்தில் ஓரளவு வந்து நின்றது வானொலி. சென்னை நிலையம் 1938 ஜூன் 16 அன்று தொடங்கியது. நாடகமும் உரைச்சித்திரமும் கதையும் அதற்கு நாள்தோறும் வேண்டியிருந்தன. ஒப்பந்தக் கடிதம் வரும். இத்தனை நிமிடம், இன்ன தேதி, இவ்வளவு ஊதியம் என்று அதிற் குறித்திருக்கும். தொகை பெரிதன்று, ஆனால் உறுதியானது. எழுத்தாளர் சிலர்க்கு அந்நிலையமே அலுவலகமும் ஆயிற்று. தி. ஜானகிராமன் பள்ளி ஆசிரியராக இருந்து பின் வானொலியில் கல்வி ஒலிபரப்பில் பணிபுரிந்தார். அகிலன் ரயில்வே அஞ்சல் பிரிவு வேலையை உதறிவிட்டு முழுநேரம் எழுதத் துணிந்தவர். அவரும் பின்னர்ச் சென்னை வானொலியில் சேர்ந்தார். சித்திரப்பாவைக்காக 1975-ஆம் ஆண்டின் ஞானபீடப் பரிசு அவரை வந்தடைந்தது. தமிழுக்கு அதுவே முதல் ஞானபீடம்.

நாவையும் ஏட்டையும் ஒருசேரக் கையாண்டு இத்தொழிலில் நிலைத்தவர் என்று ஒருவரைச் சொல்லவேண்டுமானால், நாம் சுப்பு ஆறுமுகத்தையே சொல்வோம். 1928-இல் நெல்லைச் சீமையிற் பிறந்த அவரை இளம் வயதிலேயே கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன் சென்னைக்கு அழைத்துச் சென்றார். கலைவாணர் நாஞ்சில் நாட்டவர். வில்லின் ஓசையில் வளர்ந்தவர். கோயில் கொடையில் ஒலித்த வில்லைக் காந்தியடிகளின் வரலாற்றைச் சொல்லவும் அவர் பயன்படுத்தினார். அவருக்கு வில்லுப்பாட்டும் திரைப்பட நகைச்சுவையும் எழுதிக்கொடுத்து வந்த சுப்பு ஆறுமுகம் பின்பு நாகேஷுக்கும் எழுதினார். தாமே வில்லை ஏந்தியும் மேடையேறினார். விடிய விடியப் பாடும் கதையை வானொலியின் சிறு கால அளவுக்குள் அடக்கும் வித்தையை அவர் கற்றுக்கொண்டார். இது எளிதன்று. சாமி வருமட்டும் நீட்டலாம் என்ற சலுகை ஒலிபெருக்கி முன் கிடையாது. சிவப்பு விளக்கு எரிந்தால் கதை தொடங்கவேண்டும். அணையுமுன் வாழி பாடிவிடவேண்டும். பழைய தெய்வக் கதைகளோடு குடும்பநலம், சேமிப்பு, சுகாதாரம் என்று அரசு கேட்ட பொருள்களும் வில்லுக்கு வந்து சேர்ந்தன. இதனால் வில்லின் வேகம் குறைந்தது என்று குறை கூறுவோர் உண்டு. அக்குறையில் உண்மை இல்லாமலில்லை. சாமியாட வைத்த கலை, கருத்துச் சொல்லும் கலையாகும்போது ஏதோ ஒன்று குறையத்தான் செய்யும். ஆனால் அவர் பாடியவற்றை எழுதியும் வைத்தார், நூல்களாக வெளியிட்டார், மகளுக்கும் கற்பித்தார். 2021-இல் பத்மஸ்ரீ விருது பெற்று, 2022 அக்டோபர் 10 அன்று மறைந்தார். இன்று அவர் மகள் பாரதி திருமகன் வில்லிசைக்கிறார்.

இதன் மறுபக்கத்தையும் கூறவேண்டும். கன்னியாகுமரி மாவட்டத்தில் பூங்கனி என்றொரு வில்லிசைக் கலைஞர் இருந்தார். சிறு வயதிலேயே பாட வந்து, தென்மாவட்டக் கொடைகளில் தலைமைப் பாடகராகப் பல்லாண்டு விளங்கியவர். பெண்ணொருத்தி வீசுகோல் பிடித்து இரவெல்லாம் கதை நடத்துவதைக் காணவே கூட்டம் திரண்டது என்பர். முதுமையில் குரல் தளர்ந்ததும் அச்சாரமும் நின்றது. வறுமையில் தனித்து வாழ்ந்து 2018-இல் மறைந்தார். ஊர் அவர்க்குக் கூலி கொடுத்தது, ஏமாற்றவில்லை. பாடிய இரவுக்கு மட்டுமே கொடுத்தது. பாட்டு நாவிலேயே இருந்தமையால், நா ஓய்ந்த பின் விற்பதற்கு அவர் கையில் ஒன்றும் இருக்கவில்லை.

மும்பையிலிருந்து எழுதியவர்களைப் பற்றிச் சில சொற்கள். நாஞ்சில் நாடன் 1972-இல் பிழைப்பைத் தேடி இந்நகர்க்கு வந்தார். ஒரு கம்பெனியின் விற்பனைப் பணியில் அமர்ந்து ஊர் ஊராய்ச் சுற்றினார். 1975-இல் அவர் முதற் சிறுகதை தீபம் இதழில் வெளிவந்தது. 1977-இல் தலைகீழ் விகிதங்கள் நாவல் வந்தது. வேலை தேடிப் பம்பாய்க்கு வரும் பட்டதாரியை மிதவையிலும், இங்கே மணமாகாமல் வயது கடந்துபோகும் குமாஸ்தாவைச் சதுரங்கக் குதிரையிலும் அவர் படைத்துக் காட்டினார். இவர்களை நம் தெருவிலேயே நாம் கண்டிருக்கிறோம். 2010-இல் அவர்க்குச் சாகித்திய அக்காதெமி விருது கிடைத்தது. பாண்டுப்புத் தந்தையர்க்கு ஆறுதலான செய்தி ஒன்று உண்டு: இந்நூல்களெல்லாம் எழுந்த காலத்தில் அவர் சம்பளம் வாங்கும் உத்தியோகத்தை விடவில்லை.

அம்பை என்னும் சி. எஸ். லக்ஷ்மி வேறொரு வழி கண்டார். எழுத்தோடு ஆராய்ச்சியையும் தம் தொழிலாக்கிக்கொண்டு, 1988-இல் தோழியர் சிலரோடு ஸ்பாரோ என்னும் பெண்கள் ஆவணக் காப்பகத்தை மும்பையில் நிறுவினார். 2021-ஆம் ஆண்டின் சாகித்திய அக்காதெமி விருது அவர்க்குக் கிட்டியது. அக்காப்பகத்தின் வேலைகளுள் ஒன்று, பாடியும் ஆடியும் எழுதியும் உழைத்தும் வாழ்ந்த பெண்களைக் கண்டு, அவர்கள் தம் வரலாற்றைத் தம் குரலிலேயே சொல்லச் செய்து பதிவு செய்து வைப்பதாகும்.